இருபத்தேழாம் பக்கத்துப் பொட்டு

மடியில் இருந்த புத்தகத்தைத் திறக்கவும் மனசில்லை, நவநீதனிடம் கொடுத்துவிட்டு எழுந்து போகவும் மனசில்லை. மழையில் நனையாமல் இருக்கட்டும் என்று துண்டில் சுற்றிக்கொண்டு வந்தவர், இன்னும் அந்தத் துண்டைப் பிரிக்காமல் லெண்டிங் லைப்ரரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார் ரெங்கசாமி மாஸ்டர். திண்டுக்கல்லில் பாதி ஊருக்கு டிரில் சொல்லிக்கொடுத்து ரிட்டயர் ஆனவர். அவர் விசில் ஊதினால் மைதானத்தின் அந்தக் கோடியில் மேய்கிற ஆடுகூட நிமிர்ந்து பார்க்கும் என்பார்கள். அப்பேர்ப்பட்ட மனுஷன் இப்போது கடுகளவு பொட்டுக்குப் பயந்துபோய் உட்கார்ந்திருக்கிறார் என்றால் யார் நம்புவார்கள்? சிரிப்பார்கள். சிரிக்கட்டும். "என்ன மாஸ்டர், எப்பவும் சாயங்காலம்தானே வருவீங்க, மத்தியானத்துலயே வந்துட்டீங்க?" என்று நவநீதன் கேட்டதற்கு, "வீட்ல கரண்ட் இல்லய்யா" என்று பொய் சொல்லியாயிற்று. நவநீதன் இந்த லைப்ரரிக்குச் சொந்தக்காரர். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தபடியே தூங்கத் தெரிந்தவர். கேள்வியைக் கேட்டுவிட்டுப் பதில் வருவதற்குள் கண்ணை மூடிவிட்டார். நல்லதாகப் போயிற்று. மாஸ்டருக்கு இப்போது யாரிடமும் பேச வராது. பேசினால் குரல் நடுங்கும். குரல் நடுங்கி அவருக்குப் பழக்கமில்லை.

பொட்டு என்றால் ஸ்டிக்கர் பொட்டு, கறுப்பு, அட்டையில் வரிசையாக ஒட்டி விற்பார்களே, அதிலேயே ஆகச் சின்னது. கஸ்தூரி, அவருடைய சம்சாரம், நெற்றியில் வைத்துக்கொண்டதும் அதுதான், படித்து முடித்த புத்தகத்தில் இருபத்தேழாம் பக்கத்து அடியில், எண்ணுக்குப் பக்கத்தில் ஒட்டியதும் அதுதான். அவள் போய்ப் பதினாறாம் நாள் காரியமெல்லாம் முடிந்த பிறகு, அம்மா பேரில் ஒரு புத்தகம் திரும்பி வரவில்லை என்று நவநீதன் சொல்லியனுப்பினார். மாஸ்டர் அலமாரியைக் குடைந்து அதை எடுத்து, கோபமாக, யார் மேல் கோபம் என்று அவருக்கே தெரியாத கோபத்தோடு கொண்டுவந்து இந்த மேஜையில்தான் போட்டார். நவநீதன் அதைப் புரட்டிப் பார்த்து, "படிச்சு முடிச்சிட்டாங்க மாஸ்டர்" என்றார், ஏதோ நல்ல சேதி சொல்கிற மாதிரி. எப்படித் தெரியும் என்று கேட்டதற்குப் பொட்டைக் காட்டினார். "ஒரே மாதிரி அட்டை, ஒரே மாதிரி பேரு. படிச்சதையே திரும்ப எடுத்துட்டுப் போயிடக் கூடாதுன்னு ஆளுக்கொரு அடையாளம் வெச்சிருப்பாங்க. ஒரு அம்மா மூலையை மடிப்பாங்க, ஒரு அம்மா பென்சில்ல மீன் வரைவாங்க. உங்க வீட்டம்மாவுக்குப் பொட்டு. மொதல் பக்கத்துல ஒட்டினா நான் பிச்சு எறிஞ்சிருவேன்னு உள்ளே போய் ஒட்டுவாங்க." அத்தனை வருஷம் ஒரே வீட்டில் குடித்தனம் நடத்தியவருக்கு, பெண்டாட்டி செய்கிற ஒரு காரியத்தை வெளியாள் சொல்லித் தெரியவேண்டியிருந்தது. வேறு என்னென்ன தெரியாதோ என்று அன்றைக்குத்தான் முதல் தடவையாக அவருக்குத் தோன்றியது.

ஏனென்றால் அவர் நெஞ்சில் ஒரு அரைகுறை வாக்கியம் கிடந்தது. முள் மாதிரி என்று சொல்லலாம், ஆனால் முள்ளை எடுத்துவிட முடியும். அவர் வேலையில் இருந்த காலம். ஒரு மத்தியானம், சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்திருந்தார், வெளியே சைக்கிள் வெயிலில் காய்கிறது, இரண்டாம் மணி அடிப்பதற்குள் திரும்பிப் போக வேண்டும். கஸ்தூரி சாதத்தைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள். அவள் எதிரே உட்காருவதே கிடையாது, நின்றபடிதான் பரிமாறுவாள், அதுவே அவருக்கு உறுத்தியிருக்க வேண்டும், உறுத்தவில்லை. "இன்னைக்கு ஒரு கதை படிச்சேங்க" என்றாள். "ம்." "ஒரு பொம்பள. வீட்ல யார்கிட்டயும் சொல்லல. கன்னியாகுமரிக்கு டிக்கெட் எடுத்துக்கிட்டு ஸ்டேஷன்ல போய் உக்காந்திருக்கா. ரயிலும் வந்து நிக்குது. ஆனா அவ…" அப்போதுதான் அவர் கழுத்தில் தொங்கிய விசிலை எடுத்து மெல்ல ஒரு ஊது ஊதினார். விளையாட்டுக்குத்தான். கடவுள் சத்தியமாக விளையாட்டுக்குத்தான். "கதையெல்லாம் அப்புறம். மோரை ஊத்து மொதல்ல, நேரமாச்சு." அவள் சிரித்தாளா? சிரித்த மாதிரிதான் இருந்தது. மோரை ஊற்றினாள். கொஞ்சம் தட்டுக்கு வெளியே சிந்தியது, அதற்கும் ஏதோ சொன்னார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவள் ஒரு கதையும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை, அவருக்கு அது மறந்தும் போயிற்று. அவளைத் தூக்கிக்கொண்டு போன அன்று, கூடத்தில் எல்லாரும் அழுதுகொண்டிருந்தபோது, எங்கிருந்தோ வந்து காதில் உட்கார்ந்துகொண்டது. ரயிலும் வந்து நிக்குது. ஆனா அவ. ஆனா அவ என்ன? ஏறினாளா, ஏறவில்லையா?

அதற்காகத்தான் படிக்க ஆரம்பித்தார். ஆள் அப்படி ஒன்றும் புத்தகப் பிரியர் இல்லை. பேப்பரில் கடைசிப் பக்க விளையாட்டுச் செய்திக்கு மேல் படித்ததில்லை. பொட்டு வைத்த புத்தகமாகத் தேடி எடுத்துப் போவார். ஏதாவது ஒன்றில் அந்தப் பெண்பிள்ளை இருப்பாள், கையில் டிக்கெட்டோடு ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள், அவள் என்ன செய்தாள் என்று தெரிந்துகொண்டு கஸ்தூரியின் படத்துக்கு முன்னால் நின்று, "தெரிஞ்சுக்கிட்டேன்டி, இதானே சொல்ல வந்தே?" என்று கேட்டுவிட வேண்டும். ஒரு பாரம் இறங்கிவிடும். முதல் புத்தகத்துக்கு விரலை வரியின் கீழ் வைத்து வைத்துப் படித்ததில் ஒரு மாதம் ஓடிவிட்டது. புத்தகத்தைத் திறந்தால் அரிசி மாவு வாசம் வரும். தாள்கள் சேருகிற மடிப்பில் வெள்ளையாகப் பொடி இருக்கும். சமையல்கட்டிலேயே வைத்துப் படித்திருக்கிறாள், அடுப்பில் ஒரு கண், கதையில் ஒரு கண் என்று நினைத்துக்கொண்டு மூக்கை வைத்து உறிஞ்சுவார். வாரத்துக்கு இரண்டு தடவை மாவு மில்லுக்குப் போவாளே, "ஊருக்கே முறுக்கு சுடப் போறியா?" என்று கேலி பண்ணியிருக்கிறார். அவளும், "ஆமா, சுடறேன்" என்பாள். கன்னியாகுமரிப் பெண்பிள்ளை அகப்படவில்லை. ஆனால் வேறு யார் யாரோ அகப்பட்டார்கள். பொய்சொல்லிப் பொய்சொல்லி வாழ்ந்து கிழவனான ஒரு ஆள், கடைசியில் ஒரு நாள் உண்மையைச் சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்கப்போன கதையைப் படித்த மறுநாள் காலை, மீசைக்குச் சாயம் அடிக்க பிரஷ்ஷை எடுத்தவர் கண்ணாடியைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். யாருக்காக இது? பிரஷ்ஷைக் கழுவி வைத்தார், அதோடு சரி. வெளுத்த மீசையைப் பார்த்துப் பழைய சிநேகிதர்கள், "என்ன மாஸ்டர், திடீர்னு பஞ்சுமிட்டாய்க்காரர் ஆயிட்டீங்க?" என்று சிரித்தார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரித்தார், அது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

அது மட்டுமா. ஓசூரில் இருக்கிற மகள் நிர்மலா போன் பண்ணி, எப்படிப்பா இருக்கீங்க என்றால், "எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்" என்பதுதான் வழக்கம். ஒரு நாள், அன்றைக்குப் படித்துக்கொண்டிருந்த புத்தகம் இன்னும் மடியிலேயே இருந்தது, "தனியா இருக்கப் பயமாயிருக்கும்மா" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. அந்தப் பக்கம் அவள் அழுதாள், அழுதுகொண்டே தன் வீட்டுக் கஷ்டத்தையெல்லாம் சொன்னாள். பழைய மாஸ்டராக இருந்தால் நடுவில் புகுந்து, நிமிர்ந்து நில்லு, மூச்சை இழு, இதெல்லாம் ஒரு கஷ்டமா என்றிருப்பார். ஆனால் புத்தகத்தில் நடுவில் புகுந்து விசில் ஊத முடியாதே. எழுதினவன் சொல்லி முடிக்கிறவரை வாயை மூடிக்கொண்டுதான் இருக்க வேண்டும், பிடிக்காவிட்டாலும் பக்கத்தைத் திருப்பத்தான் வேண்டும். அது அவருக்குப் பழகிப்போயிருந்தது. கேட்டுக்கொண்டிருந்தார். அப்பாவிடம் இத்தனை நேரம் பேசினதே இல்லை என்றாள் நிர்மலா. அன்று அவர் சந்தோஷமாக இருந்தார். வெட்கக்கேடு, பெண்டாட்டி செத்த பிறகு மனுஷனுக்குச் சந்தோஷமாக இருக்கத் தெரிந்திருக்கிறது. இதெல்லாம் உன்னால்தான் கஸ்தூரி, நீ முன்னாடி நடந்து போறே, நான் பொட்டைப் பார்த்துப் பார்த்துப் பின்னாடி வர்றேன், இன்னும் கொஞ்ச தூரம்தான், அந்த ஸ்டேஷன் வந்துவிடும் என்று தினம் அவளிடம் சொல்லிக்கொள்வார். பேசுகிறோம் என்றுதான் நினைத்தார். நான்கு வருஷமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம் என்று.

பொட்டு வைத்த புத்தகங்கள் தீர்ந்துவிடுமே என்றும் பயம். தீர்ந்துவிட்டால் அவள் அத்தோடு முடிந்துவிடுவாள். அதனால் நடுநடுவே பொட்டில்லாததையும் எடுத்துப் படித்தார், பொட்டுள்ளதை மிச்சம் பிடித்தார். பொட்டில்லாததைப் படித்து முடித்தால் ஒரு மாதிரி இருக்கும், அவளை விட்டுவிட்டுத் தான் மட்டும் கல்யாண வீட்டில் சாப்பிட்டு வந்த மாதிரி. அவளுடைய அலமாரியில் பாதி தீர்ந்த பொட்டு அட்டை ஒன்று கிடந்தது. அதை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். படித்து முடித்ததும் ஒன்றைப் பிய்த்து இருபத்தேழாம் பக்கத்தில் ஒட்டுவார். நீயும் படிச்ச மாதிரிதான், என்பார். விரல் தடிமனுக்கு அந்தச் சின்னப் பொட்டு நகத்தில் ஒட்டிக்கொண்டு வராது, படாத பாடு படுவார். ஒட்டி முடித்ததும் வீட்டில் ஆள் இருக்கிற மாதிரி இருக்கும். பைத்தியக்காரத்தனம்தான். யாருக்கும் கெடுதல் இல்லாத பைத்தியக்காரத்தனம் என்று நேற்றுவரை நினைத்திருந்தார்.

நேற்று எடுத்துப் போன புத்தகம்தான் இப்போது மடியில், துண்டுக்குள் இருப்பது. இருபத்தேழாம் பக்கத்தில் பொட்டு இருந்தது, மாவு வாசம் இருந்தது, சந்தோஷமாகத்தான் கொண்டுபோனார். பாதி படித்துவிட்டு எதற்கோ முன்பக்கத்தைத் திருப்பினார். அச்சிட்ட வருஷம் போட்டிருந்தது. போன வருஷம். கஸ்தூரி போய் நான்கு வருஷம். கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். போன வருஷம்தான். புத்தகம் பிறப்பதற்கு முன்னாலேயே போய்விட்டவள் அதை எப்படிப் படித்துப் பொட்டு ஒட்டினாள்? அந்த நிமிஷம் கூடத்தில் ஃபேன் சுற்றுகிற சத்தம்கூட வேறு மாதிரி கேட்டது. பேயாவது பிசாசாவது என்று வாய்விட்டுச் சொன்னார், சொல்லிக்கொண்டே தரையில் இருந்த காலைத் தூக்கி நாற்காலி மேல் வைத்துக்கொண்டார். நாமே ஒட்டிவிட்டு மறந்துவிட்டோமா? அதுதான் அடுத்த பயம், முதல் பயத்தைவிட மோசமான பயம். இவருடைய அண்ணன் கடைசிக் காலத்தில் தன் மகனையே யாரென்று கேட்டார். இல்லை, இந்தப் புத்தகத்தைத் தொட்டதே இல்லை, படித்திருந்தால் கதை ஞாபகம் வராதா? வராது, மறதி என்றால் அதுதானே மறதி. இல்லை, மாவு எங்கிருந்து வந்தது? அவர் வீட்டில் மாவு அரைத்தே நான்கு வருஷம் ஆகிறது, பாக்கெட் மாவுதான், மாவு மில் எந்தத் தெருவில் இருக்கிறது என்றுகூட அவருக்குச் சரியாகத் தெரியாது. அப்படியானால் இது வேறு யாரோ. உயிரோடு இருக்கிற யாரோ. அதே பொட்டு, அதே பக்கம். இது வேறு யாரோ என்றால் மற்றதெல்லாம் மட்டும் கஸ்தூரி என்று எப்படிச் சொல்வது? மீசை வெளுத்தது யார் சொல்லி? மகளிடம் பயமாயிருக்கு என்று சொல்லவைத்தது யார் எடுத்துக்கொடுத்த புத்தகம்? முன்பின் தெரியாத ஒருத்தி பின்னாலேயே, பெண்டாட்டி என்று நினைத்துக்கொண்டு, இத்தனை தூரம் போயிருக்கிறோமா? அந்த ஸ்டேஷன் அந்த வழியில் இல்லவே இல்லையா?

அதனால்தான் வந்து உட்கார்ந்திருக்கிறார். நவநீதனிடம் கேட்கலாம். கேட்டால் சொல்லிவிடுவாரே, அதுதான் பயம். கேட்காமல் கண்டுபிடிக்க வேண்டும். டிரில் மாஸ்டர் இல்லையா, ஒரு திட்டம் போட்டிருந்தார். உள்ளே வருகிற ஒவ்வொரு பெண்பிள்ளையின் நெற்றியையும் பார்ப்பது. கடுகளவு கறுப்புப் பொட்டு எவள் நெற்றியில் இருக்கிறதோ அவள். இந்த வயதில் பெண்களின் முகத்தை முறைத்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாயே, வெட்கமாயில்லை என்று ஒரு பக்கம் மனசு ஏசியது. கல்லூரிப் பெண் ஒருத்தி வந்தாள், நெற்றியில் ஒன்றுமே இல்லை. வாத்தியாரம்மா மாதிரி ஒருத்தர் வந்தார், எட்டணா அகலத்துக்குச் சிவப்புப் பொட்டு, வந்த வேகத்தில் போய்விட்டார். மழை தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது. வாசல் பக்கம் நிழல் தட்டும்போதெல்லாம் மாஸ்டர் நிமிர்ந்து பார்த்தார். கஸ்தூரியே குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தால்? வரமாட்டாள். வந்தால்? வந்து, என்னங்க, மோர் ஊத்தவா என்று கேட்டால்? ஐயோ, அதை மட்டும் கேட்காதே. வேறு என்ன வேண்டுமானாலும் கேள், இத்தனை வருஷம் என்னை என்ன மனுஷன்னு நினைச்சீங்க என்று கேள், முகத்தில் காறித் துப்பு, மோர் ஊத்தவா என்று மட்டும் கேட்காதே. அவருக்குக் கண் கலங்கியது. துடைத்துக்கொள்ளத் துண்டைத் தேடினார், துண்டு புத்தகத்தைச் சுற்றிக்கொண்டிருந்தது.

வாசலில் நிழல் தட்டியது. புர்கா போட்ட ஒரு அம்மாள், ஐம்பதைத் தாண்டியிருக்கும், குடையை வாசலிலேயே உதறி மடக்கி வைத்துவிட்டு வந்தார். முகத்தை மூடவில்லை. நெற்றி வெறுமையாக இருந்தது, இருக்கத்தானே செய்யும். மாஸ்டர் பெருமூச்சு விட்டுப் பார்வையை எடுத்துக்கொண்டார். இவர் இல்லை. நவநீதன் கண்ணைத் திறந்து, "வாங்கம்மா, மில்லு மூடியாச்சா?" என்றார். "கரண்டு கட்டு. அதான் ஓடியாந்தேன்" என்றார் அந்த அம்மாள். ஆக, கரண்ட் நிஜமாகவே போயிருக்கிறது, தான் சொன்ன பொய் உண்மையாகிவிட்டது என்று மாஸ்டர் சம்பந்தமில்லாமல் நினைத்துக்கொண்டார். அந்த அம்மாள் அவரைத் தாண்டி அலமாரிக்குப் போனார். மாவு வாசம் வந்தது. மாஸ்டர் குனிந்து மடியைப் பார்த்தார், துண்டைக் கொஞ்சம் தூக்கி முகர்ந்து பார்த்தார். இதிலிருந்து வருகிறதா? இல்லை. காற்றில் வந்தது. நிமிர்ந்தார். அந்த அம்மாள் நீல அட்டை போட்ட தடித்த புத்தகம் ஒன்றை உருவிக்கொண்டிருந்தார். அது மாஸ்டர் போன வாரம் படித்துத் திருப்பிக் கொடுத்த புத்தகம். பொட்டில்லாமல் இருந்து, அவர் தன் கையால் பொட்டு ஒட்டிய புத்தகம். அந்த அம்மாள் அட்டையைப் பார்க்கவில்லை, பின்பக்கத்தைப் படிக்கவில்லை, நேராகக் கட்டைவிரலால் தாள்களைத் தள்ளி ஒரு பக்கத்தில் நிறுத்தினார். அடியில் பார்த்தார். அவர் முகம் மலர்ந்ததை மாஸ்டர் பார்த்தார். விரல் நுனியால் அந்த இடத்தைத் தடவி, யாரும் கேட்கக் கூடாது என்கிற மாதிரி, "இதையும் படிச்சிட்டீங்களாக்கா?" என்றார்.

மாஸ்டர் எழுந்தது அவருக்கே தெரியாது. புத்தகம் மடியிலிருந்து வழுக்கி விழப் பார்த்தது, பிடித்துக்கொண்டார். முதலில் தோன்றியது, வாயைத் திறக்காமல் வெளியே போய்விட வேண்டும் என்பதுதான். விஷயம் அவருக்கு விளங்கிவிட்டது. இந்த அம்மாளும் பொட்டைப் பார்த்துப் பார்த்துத்தான் வந்துகொண்டிருக்கிறார். தனக்கு நேற்று ஆனது இவருக்கும் ஆக வேண்டுமா? எதற்கு? பேசாமல் இருந்தால் இவருக்காவது கஸ்தூரி மிஞ்சுவாள். படித்த கதைகளில் பாதிப் பேர் இப்படித்தான் வாயை மூடிக்கொண்டு இருப்பார்கள், மூடினவர்கள் எல்லாம் கடைசிவரை தூங்கமாட்டார்கள். சட்டைப் பைக்குள் கை போயிற்று. பொட்டு அட்டையை எடுத்து அலமாரித் தட்டில், அந்த அம்மாள் கண்ணில் படும்படி வைத்தார்.

"அது நான் ஒட்டினதும்மா" என்றார். குரல் நடுங்கியது.

அந்த அம்மாள் அட்டையைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "டிரில் மாஸ்டர்தானே? கஸ்தூரிக்கா வீட்டுக்காரர்?"

"ஆமா."

"நான் ஜெய்தூன். பேகம்பூர்ல மாவு மில்லு எங்களுதுதான்." கைப்பையைத் திறந்து துழாவி அதே மாதிரி ஒரு அட்டையை எடுத்தார், அதிலும் பாதி தீர்ந்திருந்தது. "இது அக்கா வாங்கிக் குடுத்தது. நான் பொட்டு வெக்கிற ஆளா, மாஸ்டர்? புத்தகத்துக்குன்னே வாங்கிக் குடுத்தாங்க. அவங்க பேர்லதான் புத்தகம் எடுப்போம். படிச்சிட்டு மாவுத் தூக்குல வெச்சு மில்லுக்குக் கொண்டாருவாங்க, நான் அங்கயே உக்காந்து படிப்பேன். ரெண்டு பேரும் முடிச்சாச்சுன்னா பொட்டு. சில தடவை அவங்க ஒட்டுவாங்க, சில தடவை நான். அவங்க போனப்புறம் நானா வந்து எடுக்க ஆரம்பிச்சேன்." அவர் குரல் இறங்கியது. "நான் படிக்காத புத்தகத்துலயெல்லாம் பொட்டு இருந்துச்சு. மொதத் தடவை பார்த்தப்ப எனக்குக் காய்ச்சலே வந்துருச்சு. அப்புறம் பயம் போயிடுச்சு. அக்காதான் எனக்கு முன்னால படிச்சு வெச்சிட்டுப் போறாங்கன்னு நெனச்சேன். வீட்ல யார்கிட்டயும் சொல்லல." நீலப் புத்தகத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டார். "அப்ப அதெல்லாம் நீங்களா?"

"நான்தாம்மா." துண்டைப் பிரித்து மடிப்புத் தெரிய புத்தகத்தை நீட்டினார். "இது?"

ஜெய்தூன் பீவி பார்த்தார். "இது நான். போன மாசம் படிச்சேன்."

நவநீதன் தூங்கிவிட்டிருந்தார். மாஸ்டருக்கு அழுகை வந்தது, மறைக்காமல் அழுதார். கஸ்தூரி இப்போது எங்கேயும் இல்லை. நேற்றுவரை இந்த அலமாரிகளுக்குள் எங்கேயோ இருந்தாள், இன்றைக்கு இல்லை. அந்த அம்மாளும் புர்காவின் ஓரத்தால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார், செத்த வீட்டில் இப்போதுதான் எல்லாரும் வந்து சேர்ந்த மாதிரி இருந்தது. ஆனால் ஒன்று, மாஸ்டருக்கு மெல்ல உறைத்தது. கஸ்தூரி படித்ததையெல்லாம் இந்த அம்மாளும் படித்திருக்கிறார். ஒன்று விடாமல். இனிமேல் தேட வேண்டாம், கேட்டாலே போதும். கேட்பதற்கு வாய் வரவில்லை. பதில் கிடைத்துவிட்டால் அவளிடம் பேசுவதற்குத் தனக்கு வேறு என்ன இருக்கிறது? அந்த அரை வாக்கியமும் போய்விட்டால்? கேளு, ரெங்கசாமி. இப்போது கேட்காவிட்டால் நீ சாகிறவரை மோர்தான் கேட்டுக்கொண்டிருப்பாய்.

"ஒரு கதை, அம்மா" என்றார். "எந்தப் புத்தகத்துல வருதுன்னு தெரியணும். அதைத்தான் நாலு வருஷமா தேடறேன். ஒரு பொம்பள யார்கிட்டயும் சொல்லாம கன்னியாகுமரிக்கு டிக்கெட் எடுத்துட்டு ஸ்டேஷன்ல வந்து உக்காந்திருக்கா. ரயில் வந்து நிக்குது. அதுக்கப்புறம் என்னன்னு எனக்குத் தெரியல."

ஜெய்தூன் பீவி கண்ணைத் துடைப்பதை நிறுத்தினார். "இதை யார் உங்களுக்குச் சொன்னது?"

"அவதான். பாதி சொன்னா."

"பாதின்னா?"

"நான் மோர் கேட்டேன்."

அந்த அம்மாள் நீலப் புத்தகத்தை அலமாரியில் திரும்ப வைத்தார். பெஞ்சுக்கு வந்து ஓரமாக உட்கார்ந்தார். "அது எந்தப் புத்தகத்துலயும் இல்ல, மாஸ்டர்" என்றார். "அது கஸ்தூரிக்காதான். ஒரு புத்தகம் படிச்சோம் ரெண்டு பேரும், அதைப் படிச்சிட்டு, ஒரு தடவையாவது கடலைத் தனியா நின்னு பார்க்கணும் ஜெய்தூன்னு சொல்லிட்டே இருந்தாங்க. ஒரு நாள் டிக்கெட்டும் எடுத்துட்டாங்க. மில்லுலேருந்து ஸ்டேஷனுக்கு நான்தான் கூடப் போனேன். இதே மாதிரி ஒரு பெஞ்சுலதான் உக்காந்திருந்தோம்."

மாஸ்டரின் கை நெஞ்சுக்குப் போயிற்று, முன்பு விசில் தொங்கிய இடத்துக்கு. அங்கே ஒன்றும் இல்லை. எப்போது, எந்த வருஷம், என்னிடம் சொல்லியிருந்தால் நானே கூட்டிப் போயிருக்க மாட்டேனா, என்னை விட்டுவிட்டா, என்னால்தானா, ரயில் வந்து நின்றதும் யார் அவளைத் திரும்பி வரவைத்தது, எத்தனையோ வாயில் வந்து முட்டின. எல்லாவற்றையும் முழுங்கினார். பெஞ்சில் அந்த அம்மாளுக்குப் பக்கத்தில், கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார். புத்தகத்தைத் துண்டோடு மடியில் வைத்து அதன் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டார்.

"அப்புறம்?" என்றார்.